தலைக்கவசத்துக்கு அப்பால்: மலேசிய மோட்டார் சைக்கிள் விபத்துகள் எழுப்பும் கேள்விகள்

மலேசியாவில் 2003ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை, ஒவ்வோர் ஆண்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் சாலை விபத்துகளில் உயிரிழந்தார்கள். 2016ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை ஏழாயிரத்தையும் தாண்டியது. கொரோனா பொதுமுடக்கத்தின்போது சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் அது குறைந்தது. முடக்கம் நீங்கியதும், 2022ஆம் ஆண்டிலேயே மீண்டும் ஆறாயிரத்தைக் கடந்துவிட்டது.

இவ்வாறு இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

மலேசியாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு மக்கள் தொகை கொண்ட பிரிட்டனில், 2023ஆம் ஆண்டு முழுவதிலும் சாலை விபத்துகளில் இறந்தவர்களின் எண்ணிக்கை 1,624. இந்த ஒப்பீட்டைக் காணும் எவருக்கும், மலேசியர்கள் தலைக்கவசம் அணிவதில்லை போலும் என்ற எண்ணமே முதலில் எழக்கூடும். ஆனால் உண்மை நிலை அதுவல்ல.

மலேசியாவில் 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டு காலத்தில் நிகழ்ந்த மோட்டார் சைக்கிள் மரணங்களை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் சிக்கியவர்களில் 75 சதவீதமானோர் தலைக்கவசத்தை முறையாக அணிந்திருந்தார்கள் என்று கண்டறிந்தது. அதாவது நான்கில் மூன்று பேர் சட்டம் சொன்னபடி நடந்துகொண்டவர்கள்.

சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவர்கள் இத்தனை பேர் ஏன் இறக்கிறார்கள் என்பதுதான் மலேசியா எழுப்பும் கேள்வி. இந்தியா, இலங்கை, வியட்நாம், இந்தோனேசியா என்று இருசக்கர வாகனங்களை நம்பி வாழும் ஆசிய நாடுகள் அனைத்துக்கும் அது பொருந்தும்.

1973இல் வந்த சட்டம்

மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டம் மலேசியாவில் 1973ஆம் ஆண்டில் வந்தது. பிரிட்டனிலும் அதே ஆண்டில்தான் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. வளரும் நாடு ஒன்று, தன்னை ஆண்ட நாட்டோடு ஒரே காலத்தில் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது என்ற வகையில் மலேசியா அன்று முன்னோடியாகவே விளங்கியது.

அந்தச் சட்டத்துக்குப் பலனும் கிட்டியது. சுப்ரமணியம் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் தீபகற்ப மலேசியாவின் விபத்து மரணங்களை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, சட்டம் வந்த பின்னர் மோட்டார் சைக்கிள் மரணங்கள் சுமார் 30 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது.

பல்வேறு நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மருத்துவ மதிப்பாய்வும் இதை உறுதி செய்கிறது. தலைக்கவசம், விபத்தில் சிக்குபவர் இறக்கும் அபாயத்தை சுமார் 42 சதவீதமும், தலையில் காயமடையும் அபாயத்தை சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்பது அதன் முடிவு. எனவே தலைக்கவசம் தேவையா என்ற விவாதத்துக்கு இனி இடமில்லை.

ஆனால் இதே புள்ளிவிவரத்தை மறுபுறமிருந்தும் பார்க்கலாம். தலைக்கவசம் 42 சதவீத அபாயத்தைக் குறைக்கிறது என்றால், எஞ்சிய 58 சதவீதம் அப்படியே இருக்கிறது. அந்த எஞ்சிய பகுதியைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் அரசுகள் பெரும்பாலும் மௌனம் காக்கின்றன.

மூன்று மீட்டர் உயரம்

தலைக்கவசத்தால் எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய இயலாது என்பதை அறிய, அது எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் போதும். நீண்ட காலம் நடைமுறையில் இருந்த ஐரோப்பியத் தரவிதியின்படி, தலைக்கவசம் விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் கடினமான பரப்பின் மீது மோதவிடப்பட்டது. மணிக்குக் கணக்கிட்டால் இது 27 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம் இதுதான்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் எதிலேனும் நேராக மோதினால், அது முப்பது மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம்.

அப்படியானால் வேகமாகச் செல்பவர்களுக்குத் தலைக்கவசம் பயனற்றதா என்றால், இல்லை. வாகனத்திலிருந்து தூக்கி வீசப்படுபவரின் தலை பெரும்பாலும் அவர் அமர்ந்திருந்த உயரத்திலிருந்துதான் தரையில் விழுகிறது. வழியில் தடை ஏதும் இல்லாவிட்டால், அவர் சாலையில் சறுக்கிச் சென்று வேகம் தணிந்து நிற்பார். அத்தகைய விபத்துகளில் தலைக்கவசம் உயிரைக் காக்கிறது.

ஆனால் சறுக்கிச் செல்லும் வழியில் ஒரு மரமோ, மின்கம்பமோ, லாரியின் சக்கரமோ, கார்களைத் தடுப்பதற்காகச் சாலையோரத்தில் நடப்பட்ட இரும்புத் தடுப்பின் தூணோ இருந்துவிட்டால் கதை வேறு. அங்கே எந்தத் தலைக்கவசமும் உதவாது. மேலும் மார்பிலும் வயிற்றிலும் கழுத்திலும் விழும் அடியைத் தலைக்கவசம் தடுக்கப் போவதில்லை.

ஆக, விழுந்தவர் பிழைப்பதும் இறப்பதும் அவர் தலையில் என்ன இருந்தது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அவர் விழுந்த இடத்தில் என்ன இருந்தது என்பதையும் பொறுத்தது.

இரண்டு விநாடிக்கும் குறைவு

மோட்டார் சைக்கிள் விபத்துகளின் காரணங்களை விஞ்ஞான முறையில் ஆராய்ந்த முதல் பெரும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டின் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நிகழ்விடத்துக்கே சென்று ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1981ஆம் ஆண்டில் வெளியானது.

மோட்டார் சைக்கிள் விபத்து என்றாலே அதிவேகம் என்ற பொதுக் கருத்தை அந்த அறிக்கை தகர்த்தது. ஆராயப்பட்ட விபத்துகளில் பாதியில், விபத்துக்குச் சற்று முன்னர் மோட்டார் சைக்கிளின் வேகம் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கவில்லை. வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட வேண்டிய மற்ற வாகனத்தின் ஓட்டுநர் வழிவிடத் தவறியிருந்தார்.

ஆபத்து தென்பட்ட கணத்திலிருந்து மோதல் வரை, மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்குக் கிடைத்த அவகாசம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த அவகாசத்தில் பலர் பின்சக்கரப் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கினார்கள். வண்டியை நிறுத்தும் ஆற்றல் அதிகம் கொண்ட முன்சக்கரப் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகமானோர் தாங்களாகவோ, குடும்பத்தினர் அல்லது நண்பர்களிடமிருந்தோ வண்டி ஓட்டக் கற்றவர்கள்.

ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் என்ற ஆய்வும் இதற்கு நெருக்கமான முடிவுகளையே தந்தது. பாதி விபத்துகளில் முதன்மைக் காரணம் மற்ற வாகன ஓட்டுநரின் பிழை. 37 சதவீத விபத்துகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரின் பிழை. மற்ற வாகன ஓட்டுநர்கள் செய்த பிழைகளில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை, மோட்டார் சைக்கிளைக் கண்டுகொள்ளாமையால் நேர்ந்தவை.

பார்த்தேன், ஆனால் கண்ணில் படவில்லை என்று விபத்துக்குப் பின்னர் கார் ஓட்டுநர்கள் சொல்வதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. முன்புறமிருந்து பார்க்கையில் மோட்டார் சைக்கிள் மிகவும் ஒடுங்கிய உருவம். காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் தூணே அதை முழுவதுமாக மறைத்துவிடக்கூடும். சிறிய பொருள் தொலைவில் இருப்பதாகவும், மெதுவாக வருவதாகவும் மனிதக் கண் தவறாகக் கணிக்கும் இயல்பும் இதில் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு ஓரளவு பரிகாரம் காண முடியும் என்பதையும் மலேசியா நிரூபித்திருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டுச் செல்ல வேண்டும் என்ற விதி அங்கே 1992ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டது. கண்ணில் படாமையோடு தொடர்புடைய விபத்துகள் அதன் பின்னர் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக, மலேசியாவின் முன்னணி சாலைப் பாதுகாப்பு ஆய்வாளரான பேராசிரியர் ரடின் உமாரின் ஆய்வு தெரிவித்தது.

மலேசியாவின் வேறுபட்ட முகம்

எனினும் அமெரிக்க, ஐரோப்பிய முடிவுகளை அப்படியே மலேசியாவுக்குப் பொருத்திப் பார்த்துவிட முடியாது.

மேலே குறிப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வின்படி, மலேசியாவில் உயிரிழப்பு நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்துகளில் 61 சதவீதம் நகரங்களுக்கு வெளியே நிகழ்ந்தவை. 66 சதவீதம் வளைவுகளில் அல்ல, நேரான சாலைகளில் நிகழ்ந்தவை. மோட்டார் சைக்கிள்கள் தனியாக விபத்துக்குள்ளானதும், ஒன்றோடொன்று மோதிக்கொண்டதும் சேர்ந்து பாதியளவுக்கு இருந்தன. இறந்தவர்களில் மிகப் பெரிய பிரிவினர் 16 முதல் 20 வயது வரையிலானவர்கள். விபத்தில் சிக்கியவர்களில் 35 சதவீதமானோரிடம் முறையான ஓட்டுநர் உரிமம் இல்லை.

இந்தத் தரவுகளைக் கண்டதும், இளைஞர்களின் பொறுப்பின்மைதான் காரணம் என்ற முடிவுக்கு வருவது எளிது. மாட் ரெம்பிட் என்று மலேசியாவில் அழைக்கப்படும், சாலைகளில் பந்தயம் ஓட்டும் இளைஞர் கூட்டங்கள் அந்த முடிவுக்கு வலுச் சேர்க்கின்றன. உரிமம் இல்லாமல் ஓட்டுவதும், சிவப்பு விளக்கை மீறுவதும், குடித்துவிட்டு ஓட்டுவதும் உயிர்களைப் பலிகொள்கின்றன என்பதையும் எவரும் மறுக்க முடியாது.

ஆனால் இதே தரவுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. நகர்ப்புறத்துக்கு வெளியே, நேராகச் செல்லும் பிரதான சாலை என்பது, கார்களும் லாரிகளும் பேருந்துகளும் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் சாலை. நூறு, நூற்றுப்பத்து சிசி இயந்திரம் பூட்டிய சிறு மோட்டார் சைக்கிளும் அதே தடத்தில்தான் செல்கிறது. அந்தச் சாலையில் ஒரு கணக் கவனக்குறைவு, ஒரு பள்ளம், கொட்டிக் கிடக்கும் சிறிது மணல் எதுவும் மரணமாக முடியலாம். கார் ஓட்டுபவர் அதே தவறைச் செய்தால், பெரும்பாலும் வாகனத்தைப் பழுது பார்ப்பதோடு தப்பிவிடுகிறார்.

குற்றவாளியைத் தேடுவதா, காரணத்தைத் தேடுவதா

இங்கேதான் இரு வேறு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விபத்துக்கு யார் பொறுப்பு என்பது ஒன்று. ஒரு சாதாரணத் தவறு ஏன் மரணத்தில் முடிந்தது என்பது மற்றொன்று.

முதலாவது கேள்வி காவல்துறையும் நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனமும் கேட்க வேண்டிய கேள்வி. சாலை அமைக்கும் பொறியாளரும், அவருக்குப் பணம் ஒதுக்கும் அரசும் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வி. ஆனால் நமது நாடுகளில் முதல் கேள்விக்கு விடை கிடைத்த உடனேயே கோப்பு மூடப்பட்டுவிடுகிறது.

சுவீடன் நாடாளுமன்றம் 1997ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட விஷன் ஜீரோ என்ற கொள்கை இந்த வேறுபாட்டின் மீதே எழுப்பப்பட்டது. மனிதர்கள் தவறு செய்வார்கள், அதைத் தடுத்துவிட முடியாது, ஆனால் அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலைகளை வடிவமைக்க முடியும், அது அரசின் கடமை என்பது அதன் சாரம். சாலையைப் பயன்படுத்துபவர் மட்டுமன்றி, அதை வடிவமைத்தவரும் பொறுப்பாளியாகிறார்.

இது ஐரோப்பாவின் பணக்கார நாடு ஒன்றுக்கே கட்டுப்படியாகும் சிந்தனை என்று சிலர் வாதிடுவதுண்டு. அந்த வாதத்துக்கு மறுப்பு மலேசியாவிலேயே இருக்கிறது. அதுவும் சுவீடன் இக்கொள்கையை வகுப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே இருக்கிறது.

கிள்ளான் சாலையின் தனித்தடம்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், 1970களில் உலக வங்கியின் உதவித் திட்டத்தின் கீழ் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனித்தடம் ஒன்று அமைக்கப்பட்டது. கார்களும் லாரிகளும் நுழைய முடியாதபடி, பிரதான சாலையிலிருந்து பிரிக்கப்பட்ட பாதை அது. குறுக்கே வரும் சாலைகளை அது சுரங்க வழிகள் மூலம் கடந்து செல்கிறது. உலகில் இத்தகைய தடங்களுக்கு அதுவே முன்னோடி என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பின்னர் 1990களின் தொடக்கத்தில் இந்தத் தடம் நீட்டிக்கப்பட்டபோது, அதன் விளைவை ரடின் உமார் குழுவினர் அளந்து பார்த்தார்கள். மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 சதவீதம் குறைந்திருந்தன.

இந்தத் தடம் யாருடைய ஒழுக்கத்தையும் திருத்தவில்லை. யாருக்கும் அறிவுரை கூறவில்லை, அபராதம் விதிக்கவில்லை. கார் ஓட்டுநர் கண்டுகொள்ளாமல் போகக்கூடிய மோட்டார் சைக்கிளை அவருடைய பாதையிலிருந்து விலக்கியது, அவ்வளவுதான். அதனால் பொறுமைசாலியும் பிழைத்தார், அவசரக்காரரும் பிழைத்தார்.

அப்படியானால் இந்தத் தடங்கள் ஏன் நாடெங்கும் பரவவில்லை? நிலமும் பணமும் தேவைப்படுவது ஒரு காரணம். பல இடங்களில் சாலையோரத்தில் ஒரு கோட்டை வரைந்து அதையே மோட்டார் சைக்கிள் தடம் என்று அறிவிப்பதோடு பணி முடிந்தது. அந்தக் கோட்டைத் தாண்டி வரும் லாரியைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. பழுதான கார்களும் அங்கேயே நிறுத்தப்படுகின்றன.

அமைக்கப்பட்ட தடங்களிலும் குறைகள் இல்லாமல் இல்லை. குறுகலான பாதை, திடீர் வளைவுகள், எரியாத விளக்குகள், பள்ளங்கள், மழைநீர் தேங்கும் சுரங்க வழிகள், தனியாகச் செல்வோரைக் குறிவைக்கும் வழிப்பறிக்காரர்கள் என்று புகார்கள் தொடர்கின்றன. இவற்றுக்கு அஞ்சிச் சிலர் தனித்தடம் இருந்தும் பிரதான சாலையிலேயே செல்கிறார்கள். போட்ட தடத்தைப் பராமரிக்காமல் விட்டுவிட்டு, அதைப் பயன்படுத்தாதவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

மலேசியாவில் மழை எப்போதும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. நெடுஞ்சாலையில் திடீரென்று மழை கொட்டும்போது மோட்டார் சைக்கிளில் செல்வோர் மேம்பாலங்களின் அடியில் ஒதுங்குகிறார்கள். அவ்வாறு ஒதுங்கி நின்றவர்கள் மீது வாகனங்கள் மோதி உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. அதற்குப் பின்னர்தான் சில நெடுஞ்சாலைகளில் அவர்களுக்கென்று தனி நிழற்குடைகள் கட்டப்பட்டன. மழையில் நனையாமல் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பது வாகனத்தின் கூரைக்குக் கீழே அமர்ந்து செல்பவர்களின் நினைவுக்கு எளிதில் வருவதில்லை.

யாருடைய வாகனம்

இந்த மறதிக்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது. மலேசியாவில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் ஏறக்குறைய பாதி மோட்டார் சைக்கிள்கள். ஆனால் 1980களில் புரோட்டோன் தேசியக் கார் திட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து, நாட்டின் போக்குவரத்துக் கனவு கார்களைச் சுற்றியே பின்னப்பட்டது. நெடுஞ்சாலைகள் கார்களுக்காகத் திட்டமிடப்பட்டன. பேருந்தும் ரயிலும் எட்டாத இடங்களில் வாழ்ந்த, கார் வாங்க வசதியற்ற மக்கள் மோட்டார் சைக்கிளை வாங்கினார்கள்.

தமிழர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் நகரங்களின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்தில் இருந்தவரை வேலைக்கு நடந்து போனவர்கள், அதன் பிறகு தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் காவல் பணிக்கும் பல கிலோமீட்டர் தூரம் செல்ல வேண்டியதாயிற்று. காப்சாய் என்று மலேசியர்கள் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிள்தான் அவர்களில் பலருக்கு வேலையைச் சாத்தியமாக்கியது. எதிர்க்காற்றுக்கும் புழுதிக்கும் மேலங்கியை முன்பின்னாக மாற்றி அணிந்துகொண்டு விடியற்காலையில் விரையும் தொழிலாளர்களை, அந்நாட்டின் எந்த நகருக்குச் செல்பவரும் காணலாம்.

கடந்த சில ஆண்டுகளில் இவர்களோடு உணவு விநியோகத் தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எத்தனை பொதிகளைக் கொண்டு சேர்க்கிறார்களோ அதற்கேற்பவே இவர்களுக்கு வருமானம். நிதானமாகச் செல் என்று அறிவுறுத்தும் பதாகைக்கும், வேகமாகச் சென்றால்தான் கூலி என்று கணக்கிடும் செயலிக்கும் இடையே அவர்கள் சிக்கியிருக்கிறார்கள். சுயதொழில் புரிவோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை மலேசியா 2017ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. விபத்து நேர்ந்த பின்னர் இழப்பீடு வழங்க அது உதவுகிறது. ஆனால் விபத்துக்குக் காரணமாகும் கூலி முறையை அது தொடுவதில்லை.

வாகனத்தின் தொழில்நுட்பத்திலும் இதே ஏற்றத்தாழ்வு தெரிகிறது. திடீரென்று பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கருவி, ஹர்ட் அறிக்கை விவரித்த அந்த இரண்டு விநாடிப் பதற்றத்துக்கு நேரடியான மருந்து. புதிய மாடல்களில் இக்கருவி கட்டாயம் என்ற விதியை மலேசியா 2025 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியபோது, 150 சிசியும் அதற்கு மேலும் திறன் கொண்ட வண்டிகளுக்கே அது பொருந்தும் என்று வரையறுத்தது. இந்தியா 2018ஆம் ஆண்டில் இத்தகைய விதியைக் கொண்டுவந்தபோது, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் என்றும், சிறிய வண்டிகளுக்கு இரு பிரேக்குகளையும் இணைக்கும் எளிய ஏற்பாடு போதும் என்றும் வகுத்தது. விலை உயர்ந்துவிடும் என்ற வாதம் இதற்குப் பின்னணியில் இருக்கிறது. அது பொய்யான வாதமல்ல. ஆனால் அதன் விளைவு, ஏழைகள் ஓட்டும் வண்டிக்குக் குறைந்த பாதுகாப்பு என்பதாகவே அமைகிறது.

வியட்நாமின் அனுபவம்

அரசு மனம் வைத்தால் எத்தனை விரைவாக மாற்றம் நிகழும் என்பதற்கு வியட்நாமைக் குறிப்பிடுவதுண்டு. 2007 டிசம்பர் 15ஆம் தேதி எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசம் அங்கே கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை குறைவாக இருந்த தலைக்கவசப் பயன்பாடு வெகு விரைவில் 90 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு மாபெரும் நாட்டின் தெருக்கள் கிட்டத்தட்ட ஒரே நாளில் தோற்றம் மாறின.

ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தெருவோரங்களில் தரமற்ற, தொப்பி போன்ற கவசங்கள் மலிவாக விற்கப்பட்டன. பலர் தாடைப்பட்டையை மாட்டாமலேயே சென்றார்கள். கவசத்தின் கனம் கழுத்துக்குக் கேடு என்ற ஆதாரமற்ற அச்சத்தால் பெற்றோர் குழந்தைகளுக்கு அதை அணிவிக்கவில்லை. குழந்தைகள் தொடர்பான சட்டத்தைத் திருத்துவதற்கு 2010ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காவலரின் கண்ணுக்காக அணியப்படும் கவசம் காவலரிடமிருந்து மட்டுமே காப்பாற்றும் என்பது வியட்நாம் தந்த இன்னொரு பாடம்.

தமிழ்நாட்டின் நிலை

இந்தப் பின்னணியில் தமிழ்நாட்டின் நிலையைப் பார்ப்பது அவசியமாகிறது. இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட தரவுகளின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டில் மிக அதிக எண்ணிக்கையில் விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. மரணங்களின் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக, 17,884 உயிரிழப்புகளுடன் அது இரண்டாம் இடத்தில் இருந்தது.

இந்தியாவில் தலைக்கவசப் பிரச்சினையே இன்னும் தீரவில்லை. 2022ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் ஐம்பதாயிரம் பேர் என்கிறது அதே அறிக்கை. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டில் தலைக்கவசம் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் 2015 ஜூலையிலிருந்து அதைக் கண்டிப்புடன் அமல்படுத்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. சட்டம் 1988ஆம் ஆண்டிலிருந்தே இருந்தும், ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக அறிவிக்க வேண்டியிருந்தது. எனவே தலைக்கவசத்துக்கு அப்பால் பேசுவது, தலைக்கவசத்தை விட்டுவிட்டுப் பேசுவதாகாது.

அதேவேளை, இந்த அறிக்கை மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று கூறுவதைக் கவனமாக அணுக வேண்டும். இவை காவல் நிலையங்களிலிருந்து திரட்டப்பட்ட தகவல்கள். காவல்துறையின் வழக்குப் பதிவுக்கு ஒரு குற்றவாளி தேவை. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியவர் மீது வழக்குத் தொடரச் சட்டத்தில் பிரிவு உண்டு. நெடுஞ்சாலையின் நடுவே இடைவெளி விட்டவர் மீதும், கிராமத்துச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் விளக்குப் போடாதவர் மீதும் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாவது அரிது.

இந்த நிலையை மாற்றும் எண்ணத்துடன் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 198ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ உரிய தரம் கடைப்பிடிக்கப்படாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது வழிசெய்கிறது. அதே திருத்தச் சட்டம் தலைக்கவசம் அணியாதவருக்கான அபராதத்தை ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. ஆயிரம் ரூபாய் அபராதம் பற்றித் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஒரு லட்சம் ரூபாய் பிரிவைப் பற்றி அறிந்தவர்கள் எத்தனை பேர் என்பது கேள்விக்குரியது.

பொறுப்பைப் பகிர்தல்

தனிமனிதரின் பொறுப்பை இந்த வாதங்கள் எதுவும் நீக்கிவிடவில்லை. தரமான தலைக்கவசத்தை வாங்கி, தாடைப்பட்டையை இறுக்கி அணிவதும், பின்னால் அமரும் மனைவிக்கும் பிள்ளைக்கும் அதை அணிவிப்பதும், முன் பிரேக்கைப் பயன்படுத்தப் பழகுவதும், சந்திப்புகளில் கார் ஓட்டுநர் தன்னைப் பார்க்கவில்லை என்றே கருதிக்கொண்டு செல்வதும் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடியவை. கார் ஓட்டுபவர் திரும்புவதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை பார்ப்பதும் அப்படியே.

ஆனால் மலேசியாவின் அரை நூற்றாண்டு அனுபவம் இந்தப் பட்டியலின் எல்லையையும் காட்டுகிறது. தலைக்கவசச் சட்டம் செலவில்லாத சட்டம். அதன் விலையைக் குடிமகன் தருகிறான், அதன் புகழை அரசு பெறுகிறது. தனித்தடமும், விளக்கும், மோட்டார் சைக்கிளில் வருபவரைக் கொல்லாத சாலையோரத் தடுப்பும், நம்பிக்கையான பேருந்து சேவையும் அரசின் பணத்தைக் கேட்பவை. முதலாவது விரைவாக நிறைவேறியதும், இரண்டாவது ஐம்பது ஆண்டுகளாகியும் பாதியில் நிற்பதும் தற்செயலானவை அல்ல.

2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகளில் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைப்பது என்று ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வகுத்திருக்கிறது. மலேசியாவும் தனது 2030ஆம் ஆண்டு வரையிலான தேசியத் திட்டத்தில் அதே இலக்கை ஏற்றிருக்கிறது. அந்நாட்டில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களாக இருக்கும்போது, அவர்களை மையமாக வைத்துச் சாலைகளைத் திட்டமிடாமல் அந்த இலக்கை எட்டுவதற்கு வழியில்லை.

நான்கில் மூன்று பேர் தங்கள் பங்கை நிறைவேற்றிய பின்னரே இறந்தார்கள். எஞ்சிய பங்கு யாருடையது என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லும்வரை, அவர்களின் மரணத்தை அவர்களின் தவறு என்று எழுதி முடித்துவிட முடியாது.